கணவாய்க்காரிக்கு வயது நாற்பது

ஒசாகா
மார்ச் 9, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பிளம் மரங்கள் பூத்து உதிரத் தொடங்கிவிட்டன. உங்கள் ஹகோதாதேயில் இன்னும் கூரைப் பனி சரிந்துகொண்டிருக்கும். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அத்தானும் உன் மாமியார் அத்தையும் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் குண்டாகக்கூட ஆகிவிட்டேன், நம்பு.

ஒரு விஷயம் சொன்னால் திட்டுவாய். எங்கள் புது வீடியோ கேமின் நாயகிக்கு உன் முகத்தை வைத்துவிட்டேன். பெயர் கணவாய்க்காரி. வடக்குத் துறைமுகம் ஒன்றில் கணவாய் மீனைக் கீறிக் காயப்போடும் பெண். கடலிலிருந்து பேய்கள் ஏறி வருகின்றன. ஊர் ஆண்கள் எல்லாரும் படகேறி ஓடிவிடுகிறார்கள். அவள் மட்டும் கணவாய் உலர்த்தும் கழியை உருவிக்கொண்டு கரையிலேயே நிற்கிறாள். அடிபட்டு விழுந்தால் "ஐயோ" என்று கத்துவாள். வயது நாற்பது. படம் இத்துடன் இருக்கிறது, பார்.

கொச்சிதோரி கம்பெனிக்கு இது பதினோராவது வருஷம். முதலாளி ஹிராய்வாவும் தொகுரா சாரும் முட்டைக்கோஸ் அடைக் கடையின் மாடியில் இரண்டு மேஜை போட்டு ஆரம்பித்தது. முதலில் செய்த நண்டுப் பந்தயம் நாடு முழுக்க ஓடியது. ஒரு காலத்தில் நாற்பது பேர் இருந்தோம், இப்போது ஒன்பது. பெரிய கம்பெனிகள் முப்பரிமாணப் படத்துக்குப் போய்விட்டன. நாங்கள் இன்னும் புள்ளி புள்ளியாகக் கையால் வரைகிறோம். "இது ஒண்ணு ஓடிட்டா போதும், மறுபடி எழுந்துருவோம்" என்கிறார் முதலாளி. இதோடு ஏழு விளையாட்டுக்கு வரைந்துவிட்டேன். ஒன்றிலும் என் பெயர் கிடையாது. வேறு கம்பெனிக்காரன் வந்து ஆளைத் தூக்கிவிடுவான் என்று எல்லாருக்கும் பட்டப்பெயர்தான் போடுவார்கள். நான் "மீன்குஞ்சு".

பார்சல் அனுப்பினால் இனிமேல் ஆபீஸ் முகவரிக்கே அனுப்பு. அறையில் பகலில் யாரும் இருப்பதில்லை.

குளிரில் வெறுங்காலோடு நிற்காதே.
உன் தங்கை, தமாகி


ஹகோதாதே
மார்ச் 21, 1997

அருமைத் தமாகிக்கு,

தெருவோரப் பனி கறுத்துச் சேறாகிவிட்டது. இதுதான் எங்களுக்கு வசந்தம். உன் அத்தான் நலம். அத்தை நலம். மீன்கடையும் நலம்.

படம் பார்த்தேன். என் மூக்கு அவ்வளவு பெரிதா? போகட்டும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாளே, நான் எப்போதடி அப்படி நின்றேன்? இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் என் கை இடுப்புக்குப் போக நேரமே கிடைக்கவில்லை.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "முப்பத்தொண்ணு ஆச்சு, உன் தங்கச்சி இன்னும் பொம்மையா வரைஞ்சிக்கிட்டிருக்கா?" என்றார். நான் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

பார்சல் எதற்கு ஆபீஸுக்கு? அறையைக் காலி செய்துவிட்டாயா? பொய் எழுதினால் சின்ன வயதிலிருந்தே உன் கையெழுத்து வலப்பக்கம் சாயும். பார்சல் பற்றிய இரண்டு வரி நன்றாகவே சாய்ந்திருக்கிறது.

காய்ந்த கணவாய் அனுப்பியிருக்கிறேன். சுட்டுத் தின்னு, அப்படியே கடிக்காதே.
அக்கா, இசோகோ


ஒசாகா
மே 11, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

செர்ரி உதிர்ந்து இலை விட்டாயிற்று. நீ சுகமா? போன கடிதத்தில் எல்லாரையும் நலம் என்று எழுதினாய், உன்னைப் பற்றி எழுதவே இல்லை.

என் கையெழுத்து சாய்ந்தது நிஜம். பிப்ரவரியிலேயே அறையைக் காலி செய்துவிட்டேன். சம்பளம் வரவில்லை. இப்போது அதைவிடப் பெரிய செய்தி. மே மாத விடுமுறை முடிந்து போனால் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. கம்பெனி திவால். முதலாளி ஹிராய்வா குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

தொகுரா சார் காகிதத்தை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, "எழுத்துப்பிழை இருக்கு" என்றார். ஓடிப்போனவர் பதினோரு வருஷம் இவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்த நண்பர், அக்கா. பிறகு கீழே இறங்கி அடைக் கடை நிஷியோ அம்மாவிடம் கேட்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் படி வழியாக மேலே ஏறினார். பின்னாலேயே நாங்களும் ஏறினோம். விளையாட்டு முக்கால் பாகம் முடிந்திருக்கிறது. முடிக்காமல் இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். அங்கேயே சமைக்கிறோம், அங்கேயே தூங்குகிறோம். ஜன்னலில் பழைய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறேன். எழுத்து நான், சிவப்பு மை நிஷியோ அம்மா.

வியாழக்கிழமை வக்கீல் ஃபுனாபாஷி வந்தார். நீதிமன்றம் நியமித்தவர். இருக்கிற சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை.

"சட்டப்படி நீங்க யாரும் இங்க இருக்கக் கூடாது."

"சட்டப்படி எங்களுக்குச் சம்பளமும் வந்திருக்கணும். ரெண்டையும் சேர்த்தே பேசுவோம், உக்காருங்க" என்றார் தொகுரா சார்.

வக்கீல் உட்கார்ந்தார். எங்கள் இசைக்காரி கிஷிமோதோ அவர் கையில் தேநீரையும் விளையாட்டையும் கொடுத்தாள். முதல் பேயிடம் நாலு தடவை செத்தார். "இந்தப் பேய் ரொம்ப அநியாயம் பண்ணுது" என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்து போய்விட்டார்.

எனக்காகக் கவலைப்படாதே. கவலைப்பட்டால் அத்தைக்குத் தெரியாமல் படு.
தமாகி


ஹகோதாதே
மே 20, 1997
(அஞ்சலட்டை)

தமாகி அவர்களுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. பிறர் இடத்தில் அத்துமீறித் தங்குவது நம் குடும்பத்துக்குத் தகாத செயல். உடனே ஊர் திரும்பவும். இங்கே கடையில் வேலை உண்டு. தகுந்த இடத்தில் வரனும் பார்த்துள்ளோம். பதில் தேவையில்லை, நேரில் வரவும்.

இசோகோ


ஒசாகா
ஜூன் 15, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது, விரிப்பில் எழுதிய சிவப்பு மை வழிந்து தெருவே பயப்படுகிறது. உன் உடம்பு எப்படி? அஞ்சலட்டை படித்தேன். என்னை "அவர்களுக்கு" என்று நீ எழுதி இதுவரை பார்த்ததில்லை. கோபமா? கோபமென்றாலும் கேள், நான் வரப்போவதில்லை.

டோக்கியோவிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆள் வந்தார். வக்கீல்தான் கூட்டி வந்தார். வாசனைத் தைலம், பளபளக்கும் காலணி. பாதியில் நிற்கும் கணவாய்க்காரியை வாங்கிக்கொள்வார்களாம். அந்தப் பணத்தில் எங்கள் பழைய சம்பளம் முழுக்க வந்துவிடும். ஆனால் நிபந்தனை இருக்கிறது.

"நாப்பது வயசுப் பொம்பளையா நின்னு யாரு விளையாடுவா? பள்ளிக்கூடப் பொண்ணா மாத்துங்க. பாவாடையைக் கொஞ்சம் ஏத்துங்க. மூக்கைக் கொஞ்சம் இறக்குங்க."

"பாவாடையை ஏத்தி, மூக்கை இறக்கி… கணவாயை என்ன பண்ணட்டும்? அதுக்கும் ரிப்பன் கட்டி விடவா?" என்றேன்.

"நல்ல யோசனை" என்று அந்த ஆள் குறித்துக்கொண்டார், அக்கா! சத்தியமாகக் குறித்துக்கொண்டார்.

அவர் போனதும் ஒன்பது பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். கிஷிமோதோவுக்கு இரண்டு பிள்ளைகள். கணவனுக்கும் வேலை இல்லை. அவள்தான் முதலில் பேசினாள். "நான் சரின்னு சொல்றதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன். பிள்ளைங்களுக்குச் செருப்பு வாங்கணும்." அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "ஆனா அந்தாளு கடைசிப் பாட்டைக் கேட்டுட்டு, இதுல கைதட்டல் சத்தம் சேத்தா கலகலன்னு இருக்கும்னான் பாருங்க. அவ ஒத்தையா நின்னு ஊரையே காப்பாத்தியிருக்கா, இவன் கைதட்டுறானாம். அவனுக்கு விக்க மாட்டேன். செருப்பைத் தைச்சுப் போட்டுக்கட்டும்."

இரண்டு பேர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவன் வாசலில் நின்று அழுதான். மிச்சம் ஏழு பேர்.

தொகுரா சார் வக்கீலுக்குத் தொலைபேசி செய்து சொன்னது ஒரே வரி: "அவளுக்கு வயசு நாப்பது, நாப்பதாவேதான் இருக்கும்."

நான் செய்தது தப்பென்றால் நீயே எழுது. உன் சொந்த எழுத்தில் எழுது.
தமாகி


ஒசாகா
ஜூலை 27, 1997

அக்கா,

வெயில் கொல்கிறது. நீ சுகமா? நான் கடிதம் போட்டு ஆறு வாரமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று கீழ்க்கடைத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். அத்தான்தான் எடுத்தார். "வெளிய போயிருக்கா" என்றார். எப்போது வருவாள் என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

திட்டியாவது எழுது. வெற்றுத் தாளை மடித்து அனுப்பினாலும் போதும்.
தமாகி


ஹகோதாதே
ஆகஸ்ட் 24, 1997

அருமைத் தமாகிக்கு,

முன்னோர் பண்டிகை முடிந்தது. இரவுக் காற்றில் இப்போதே இலையுதிர்காலம் வந்துவிட்டது. கடலில் கணவாய்ப் படகுகளின் விளக்குகள் ஊர்வலம் போகின்றன. நான் நலம். மற்றவர்களும் நலமாகவே இருப்பார்கள்.

உன் இரண்டு கடிதங்களும் சுற்றி வளைத்து என்னிடம் வந்து சேர்ந்தன. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவளை நாற்பதிலிருந்து முப்பத்தொன்பதாகக்கூடக் குறைக்காதே.

அவள் அடிபட்டு விழும்போது "ஐயோ" என்று கத்துவதாக எழுதியிருந்தாய். கணவாய் கீறுகிறவள் கையில் கத்தி பட்டால் ஐயோ என்று சொல்ல மாட்டாள். "சே, வேலை நின்னு போச்சு" என்பாள். அதைப் போடு.

சாப்பிடு. தலைமுடியை வெட்டிக்கொள்.
இசோகோ


ஒசாகா
செப்டம்பர் 14, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

சில்வண்டுச் சத்தம் குறைந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் கிஷிமோதோ உடனே ஒலிவாங்கியை எடுத்து, "சே, வேலை நின்னு போச்சு" என்று அவள் குரலிலேயே பதிந்துவிட்டாள். கேட்டவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். பிறகு இன்னொரு தடவை போடச் சொல்கிறார்கள்.

நல்ல செய்தி. வக்கீல் ஃபுனாபாஷி வாரம் ஒருமுறை "சொத்தைப் பரிசோதிக்க" வந்து மூன்றாவது பேய்வரை போய்விட்டார். பள்ளிக்கூடப் பெண்ணாக மாற்றாமல் இதை வாங்க ஜப்பானில் வேறு யாரும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போன செவ்வாய் டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். "யாரும் வாங்காத சொத்து இது. உங்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்கு ஈடா இதை உங்ககிட்டயே ஒப்படைக்க நீதிமன்றம் சம்மதிச்சிடுச்சு. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் சம்பளம்னு வாயைத் திறக்கக் கூடாது. டிசம்பர் முதல் வாரம் இடத்தைக் காலி பண்ணணும். அந்த நாளோட கொச்சிதோரிங்கிற கம்பெனியே கிடையாது."

"கம்பெனி போகட்டும் சார், அவ இருக்கா இல்ல?" என்றார் தொகுரா சார்.

கோபேயில் ஒரு சின்ன வெளியீட்டாளர் குறுந்தட்டு அச்சடித்துத் தரச் சம்மதித்திருக்கிறார். பெட்டியில் அவர்கள் பெயர். திரையில் எங்கள் பெயர். பட்டப்பெயர் இல்லை, நிஜப் பெயர்.

அக்கா, உன் உறையின் பின்னால் இருந்த முகவரி அத்தான் வீட்டு முகவரி இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. பதிலை அந்த முகவரிக்கே போடுகிறேன், அவ்வளவுதான்.

குளிர் வருவதற்குள் கம்பளிக் காலுறை வாங்கு.
தமாகி


ஹகோதாதே
அக்டோபர் 5, 1997

அருமைத் தமாகிக்கு,

மலை மேப்பிள் சிவந்துவிட்டது. நான் நலம். இதை மரியாதைக்கு எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

நீ கேட்காததால் சொல்கிறேன். மே மாத அஞ்சலட்டை என் கையெழுத்து, ஆனால் வார்த்தை உன் அத்தானுடையது. பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னார். நான் எழுதினேன். பதினெட்டு வருஷமாக அவர் சொல்ல நான் எழுதித்தான் பழக்கம். "பதில் தேவையில்லை" என்பதைச் சொல்லும்போது மட்டும் என் கை கொஞ்சம் நின்றது. "என்ன, எழுது" என்றார். எழுதினேன்.

ஜூன் கடைசியில் உன் கடிதம் வந்தது. அவர் என் முன்னாலேயே பிரித்து, சாப்பாட்டு மேஜையில் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பாவாடை, ரிப்பன் எல்லாம் வந்ததும் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான், நானும் சிரித்தேன். ஆனால் கிஷிமோதோவின் செருப்பு வந்தபோதும் அவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கடையில் மீன் கழுவிவிட்டுச் சமையலறைக்கு வந்தால் சுவரில் உன் படம் இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. மீன் குடலை உன் அத்தான் அதில் சுருட்டி வைத்திருந்தார்.

"அது நான்" என்றேன்.

"தெரியும். அதான் எடுத்தேன். வீட்டுக்குள்ள ஒருத்தி போதும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தமாகி. உப்பு எங்கே என்று கேட்கிற குரலில் சொன்னார்.

நான் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே வாசல் வழியாக இறங்கினேன். அத்தை பின்னாலேயே வந்து, "மார்க்கெட்டுக்கா போற? இஞ்சி வாங்கிட்டு வா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை "சரி". அது மட்டும் இன்னும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பதனிடும் ஆலையில் கணவாய் கீறுகிறேன். ஆலை விடுதியில் ஆறு பெண்கள். என் மாமியாரைவிட மோசமான மாமியார்கள் இருக்கிறார்கள் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். உன் ஜூலைக் கடிதத்தை நம் பழைய தபால்காரர்தான் வீட்டில் கொடுக்காமல் வைத்திருந்து ஆலைக்குக் கொண்டுவந்தார். அவராக எதையும் கேட்கவில்லை.

நீ எப்போதாவது என்னைப் பற்றி அழுதால் உதைப்பேன்.
இசோகோ


ஒசாகா
டிசம்பர் 7, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

வருஷக் கடைசி அவசரம் ஊரெல்லாம் தெரிகிறது. நீ சுகம் என்று உன் வார்த்தையை நம்புகிறேன். அழவில்லை. நிஷியோ அம்மாதான் அழுதார், அவரை உதைத்துக்கொள்.

கணவாய்க்காரி வெளிவந்துவிட்டாள். தனிப் பார்சலில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அச்சடித்ததில் பாதிதான் இதுவரை விற்றிருக்கிறது. ஒரு பத்திரிகை "நாயகிக்கு வயது அதிகம்" என்று எழுதியது. அதை வெட்டிச் சுவரில் ஒட்டினோம். இன்னொரு பத்திரிகைக்கு ஒரு மீன்கடைக்காரி எழுதியிருக்கிறாள், இத்தனை வருஷத்தில் தன் உடம்பு மாதிரி நடக்கும் ஒருத்தியைத் திரையில் இப்போதுதான் பார்த்தாளாம். அதையும் ஒட்டினோம், அதற்கு மேலே.

வெள்ளிக்கிழமை இடத்தைக் காலி செய்தோம். மேஜைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது பின்படியில் யாரோ ஏறும் சத்தம். முதலாளி ஹிராய்வா. ஆள் பாதியாக இளைத்திருந்தார். வாசலில் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினார். கையில் பிடித்த மேஜையோடு நின்றோம்.

தொகுரா சார் கடைசியாக மிச்சமிருந்த தொலைக்காட்சியில் விளையாட்டைப் போட்டு, முடிவில் பெயர்கள் ஓடும் இடத்துக்குக் கொண்டுபோனார். பாதியில் போன இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது. எல்லாருக்கும் கீழே ஒரு வரி: "பாதியில் ஓடியவர்: ஹிராய்வா கசுமாசா."

அவர் எழுந்து கிட்டே போய்ப் படித்தார். "இதை… எடுத்துர முடியாதா?"

"நீங்க ஓடினது நிஜமா, பொய்யா?" என்று நான் கேட்டேன்.

"நிஜம்தான்."

"அப்ப இருக்கட்டும். பதினோரு வருஷமா எங்க யாரு பேரையும் போடல நீங்க. நாங்க உங்க பேரைப் போட்டிருக்கோம்."

இன்னொரு தடவை படித்தார். "எழுத்துப்பிழை இல்லை" என்றார். தொகுரா சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு பக்கம் புடி, கனமா இருக்கு" என்று மேஜையைக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து இறக்கினார்கள். படியில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே போனது மேலேவரை கேட்டது.

கொச்சிதோரி என்று இனி ஒரு கம்பெனி இல்லை. தொகுரா சார் டாக்சி ஓட்டப் போகிறார். "கட்டடத்துக்குள்ள இருந்தது போதும்" என்கிறார். டோக்கியோ ஆள் எனக்கு வேலை தருவதாகத் தொலைபேசி செய்தார். பெயர் போடுவீர்களா என்று கேட்டேன். அது கம்பெனி வழக்கமில்லையாம். வைத்துவிட்டேன். நானும் கிஷிமோதோவும் அவள் வீட்டுச் சமையலறையில் அடுத்ததைத் தொடங்கிவிட்டோம். அவள் பிள்ளைகள் என் மேஜைக்கு அடியில்தான் குடியிருக்கிறார்கள்.

புது வருஷ அரிசிக் கொழுக்கட்டை தொண்டையில் சிக்காமல் மென்று தின்னு.
தமாகி


ஹகோதாதே
டிசம்பர் 22, 1997

அருமைத் தமாகிக்கு,

முழங்கால் அளவு பனி. நான் நலம். விடுதியில் ஆறு பேரும் நலம், கட்டைவிரல் மட்டும் எல்லாருக்கும் வீங்கியிருக்கிறது. காரணம் நீ. ஆறு பேரும் சேர்ந்து பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினோம். ஆலை விடுமுறை நாளில் காலையிலிருந்து முறை வைத்து ஆடுகிறோம். மூக்கு பெரிதுதான். ஆனால் அவள் நடக்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன ஞாயிறு மத்தியானம் என் முறை. கையில் விளையாட்டுப் பெட்டியின் விசை, எதிரே பேய். அப்போது கதவு திறந்தது. உன் அத்தான். தொப்பியில் பனி.

"இசோகோ. போதும். வீட்டுக்கு வா. புது வருஷம் வருது, கடையில ஆள் இல்ல."

என்னால் திரும்ப முடியவில்லை. திரும்பியிருந்தால் பேய் அடித்திருக்கும். பக்கத்தில் இருந்த ஒச்சியாய்தான், எங்களில் மூத்தவள், பதில் சொன்னாள். "இப்ப முடியாது. அவ சண்டையில இருக்கா. கதவைச் சாத்துங்க, பனி அடிக்குது."

அவர் உள்ளே வந்து சாத்திக்கொண்டு செருப்பு வைக்கும் இடத்திலேயே நின்றார். ஆறு பெண்கள் தனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதை அவர் வாழ்க்கையில் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். நான் செத்தேன். "சே, வேலை நின்னு போச்சு" என்றாள் திரையில் கணவாய்க்காரி. எல்லாரும் கூடவே சொன்னோம். பிறகு நான் எழுந்து போய் அலமாரியிலிருந்து விவாகரத்துத் தாளை எடுத்து நீட்டினேன். என் பக்கம் அக்டோபரிலேயே எழுதி முத்திரை வைத்திருந்தேன்.

தாளைப் பார்த்தார். தொலைக்காட்சியைப் பார்த்தார். "ஒரு படத்தை எடுத்ததுக்கா இத்தனையும்?"

"ஆமா. அதுக்குத்தான்."

நின்றுகொண்டே இருந்தார். இஞ்சி வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்களே, அது ஞாபகம் வந்தது. "அத்தைகிட்ட சொல்லிடுங்க, இஞ்சி நான் வாங்கல" என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை அவர் முத்திரையோடு தபாலில் வந்துவிட்டது. இன்று காலை நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தேன். குமாஸ்தா தாளைப் பார்த்து "நாப்பது வயசுல இனிமே தனியாவாம்மா?" என்று கேட்டான். நான் இடுப்பில் கை வைத்து நின்றேனாம், கூட வந்த ஒச்சியாய் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குத் தெரியாது.

புது வருஷத்துக்கு நீ வா. கிஷிமோதோவையும் பிள்ளைகளையும் கூட்டி வா. ஏழாவதாக ஒரு மெத்தை இருக்கிறது. மற்றவர்கள் நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பேயிடம்தான் ஒவ்வொரு தடவையும் சாகிறோம். வழி என்னவென்று எழுதித் தொலைக்காதே. உன் வக்கீல் போன தூரத்தைத் தாண்ட எங்களுக்குத் தெரியும்.

இசோகோ